சித்தப்பாவின் இருமலுக்கு எந்த மருந்து?

சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வருடம் ஊறுகாய்ப் போத்தலுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அது வழக்கமாக நிற்கும் சுவரோரத்தை இருமல் மருந்துப் போத்தல்கள் பிடித்துக்கொண்டன. சிவப்பு, பச்சை, தேன் நிறம், காப்பித்தூள் நிறம் என்று வரிசையாக நின்ற அவற்றில் எதுவுமே தீர்ந்திருக்காது. பாதி குடித்ததும் நம்பிக்கை போய் அடுத்ததற்கு மாறியிருப்பார். சிலவற்றின் மூடியில் பாகு வழிந்து காய்ந்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். காலையில் மேசையைத் துடைக்கும்போது சித்தி ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியைத் துடைத்து, அதே இடத்தில் வைப்பார். "நம்ம வீட்டுலயே ஒரு பார்மசி தொறந்துரலாம்லா" என்று அவர் அலுத்துக்கொண்டதும், அதற்குப் பதில் சொல்ல வாய் திறந்த சித்தப்பா இருமத் தொடங்கியதும், அவர் இருமி முடிக்கும்வரை சித்தி துணியைக் கையில் பிடித்தபடி காத்திருந்ததும் நேற்றுப் பார்த்ததுபோல் இருக்கிறது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இருவரும் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அந்தத் தோட்டம் இப்போது பாதி எண்ணெய்ச் செம்பனை, பாதி வீடமைப்புத் தாமான் குடியிருப்பு. அப்பா பேச்சு குறைந்தவர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "வாங்க" என்பார், போகும்போது "சரி" என்பார். இருவருக்கும் சேர்த்துப் பேசுகிற பொறுப்பைச் சித்தப்பா சின்ன வயதிலேயே ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், மைக் பிடிக்க வேண்டிய கணக்கெழுதும் கிராணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் யாரோ இவரை மேடையில் ஏற்றிவிட்டார்களாம். அன்றைக்குப் பிடித்த மைக்கை அவர் பிறகு விடவே இல்லை. பகலில் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. சனி, ஞாயிறானால் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு மண்டபத்தில் அவர் குரல் கேட்கும். சுற்றுவட்டாரத்தில் அவரை எல்லாரும் 'மைக் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கனமான, எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வரும் குரல் அது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி மணவறைக்கு வந்து சேர்வதற்குள் அவர் பரம்பரையையே பாடி முடித்துவிடுவார். "மேன்மை பொருந்திய" என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் அரைப் பக்கம் போகும். பிள்ளையாக இருந்தபோது நான் அவர் மடியில் உட்கார்ந்து, "என் கல்யாணத்துக்கும் நீங்கதான் பேசணும்" என்று சொன்னேனாம். "ஒன் கல்யாணத்துக்கு நான் பேசாம வேற எவன் பேசுவான்?" என்று அவர் வாக்குக் கொடுத்தாராம். எனக்கு அது ஞாபகமில்லை. ஆனால் என் கல்யாணம் நிச்சயமான வருடத்தில், பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில்தான் இருமலும் வந்து சேர்ந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டைக்குள் இறகு ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் ஒரு செருமல். பிறகு அது இருமலாகி, இருமல் தொடராகியது. சளி என்று ஒரு சொட்டு வெளியே வராது. பேச வாயைத் திறந்தால் வரும், சிரித்தால் வரும், படுத்தால் வரும். காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது. பக்கத்துச் சீனத் தவுக்கேயின் மளிகைக் கடையில் "இருமலுக்கு மருந்து குடு" என்று கேட்டு, முதல் போத்தலை அவரே வாங்கி வந்தார். அட்டையில் ஒரு மனித நெஞ்சு வரைந்து, அதற்குள் பச்சையாக ஏதோ கரைவதுபோல் காட்டியிருந்தது. நெஞ்சில் கட்டிய சளியை இளக்கும் மருந்து அது. இளக்குவதற்கு அவரிடம் சளி இருந்தால்தானே? "உள்ளுக்குள்ள கட்டிக்கிட்டு இருக்கு, அதான் வெளிய வர மாட்டேங்குது" என்பது சித்தியின் கட்சி. "இல்ல, பேக்டரி பவுடரு" என்பது சித்தப்பாவின் கட்சி. அவர்கள் தெருமுனையில் உணவுக்கடை வைத்திருந்த பாய் மூன்றாவது கட்சி. "அண்ணே, இஞ்சியத் தட்டிப் போட்டு ஒரு தே ஆலியா அடிச்சித் தரேன், எல்லாம் ஓடிப் போயிரும்" என்று தினமும் ஊற்றிக் கொடுத்தார். எதுவும் ஓடவில்லை.

அடுத்து வந்தது சிவப்புப் போத்தல். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஒருவர் கொடுத்தது. "ஒரு மூடி குடிச்சேன், மச்சான், இருமலே இல்ல" என்று சத்தியம் செய்தாராம். அவர் சொன்னது உண்மைதான், இருமல் அடங்கியது. ஆனால் அந்த மருந்து தூக்கம் வரவழைக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. போத்தலின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் அது இருந்தது. கண்ணாடி போடாத சித்தப்பா அதைப் படிக்கவில்லை. அன்று லகாட்டில் ஒரு பிறந்தநாள் விழா. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு மூடிக்கு இரண்டாகக் குடித்துவிட்டுப் போனார். நல்ல வேளையாக, சித்தியையும் அவரையும் நான்தான் காரில் கூட்டிப் போயிருந்தேன்.

வரவேற்புரை அமர்க்களமாக இருந்தது. ஒரு இருமல் இல்லை. சித்தப்பாவின் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. கேக் வெட்டி முடித்து, பிள்ளைகள் ஆடத் தொடங்கியதும் மேடை ஓரத்து நாற்காலியில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்து மண்டபம் கொஞ்சம் அமைதியான நேரம். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் யாரோ மரம் அறுப்பதுபோல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் நின்றது. மறுபடி இழுத்துக்கொண்டு வந்தது. பிறந்தநாள் பிள்ளை மேடையில் ஏறிப் பார்த்துவிட்டு, "மைக் தாத்தா கொறட்டை விடுறாரு!" என்று கத்தியது. அந்த மைக்கிலேயே அதுவும் கேட்டது. மண்டபமே சிரித்துப் புரண்டது. சித்தி தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடினார். எழுப்பிவிட்டதும் சித்தப்பா கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில், "மேன்மை பொருந்திய..." என்றார். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் இருக்கையில் அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். செமோர் சாலை விளக்குகள் அவர் முகத்தில் வந்து வந்து போயின. "ஒன் கல்யாணத்துல இப்படி ஆயிட்டா என்னா செய்யறது?" என்றார். சிரித்துக்கொண்டே ஓட்டி வந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு இது விளையாட்டாக இல்லை. பேச்சுதான் அவர். அது போய்விட்டால் தாம் யார் என்று அவருக்கே தெரியாது.

அந்த வாரத்திலேயே ஈப்போவில் என் தோழி ஒருத்தி சொன்ன மருந்தகத்துக்கு அவர்களை வரச் சொன்னேன். சித்தப்பா மோட்டார் சைக்கிளில் சித்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போய்ச் சேர்ந்தேன். இருமல் மருந்துக்கு மட்டும் ஒரு சுவர் நிறைய அலமாரி. நாங்கள் மூவரும் அதன் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தோம். நெஞ்சுச் சளிக்கு, வறட்டு இருமலுக்கு, சளியோடு மூக்கடைப்புக்கு, இரவுக்கு, பகலுக்கு, தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரை, சர்க்கரை இல்லாதது, பிள்ளைகளுக்குத் தனி. சித்தப்பா எல்லாவற்றிலும் பெரிய அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். "இது எல்லாத்துக்கும் கேக்கும் போல. சளி, இருமல், மூக்கடைப்பு, காய்ச்சல். எது இருந்தாலும் போயிரும்லா."

"அங்கிள், உங்களுக்கு அதுல எது இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மருந்தாளர். வெள்ளை மேலங்கி போட்ட இளம் சீனப் பெண். அவள் அப்பா எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு லோரியில் காய்கறி கொண்டுபோய் விற்றவராம். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ் அவளுடையது. நாங்கள் அவளை 'மிஸ்' என்று கூப்பிட்டோம். சித்தப்பா பேசத் தொடங்கியதும் அவர் இருமியதைக் காது கொடுத்துக் கேட்டாள். சளி துப்புகிறாரா, என்ன நிறம், மூச்சு வாங்குகிறதா, உடம்பு மெலிந்ததா, புகை உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் 'இல்லை'. அவர் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"சளி இருந்தா அத எளக்கி வெளிய கொண்டு வர ஒரு மருந்து. சளியே இல்லாம வறட்டு இருமல்னா அடக்குறதுக்கு வேற மருந்து. ரெண்டும் ஒண்ணு இல்ல, அங்கிள். இந்தப் பெரிய பெட்டியில மூக்கடைப்பு மருந்தும் இருக்கு. பிரஷர் இருக்கறவங்களுக்கு அது ஆகாது, இன்னும் ஏத்திவிடும். உங்களுக்குப் பிரஷர் இருக்கா? வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"எனக்கா? பிரஷரா?" சித்தப்பாவின் குரல் மேடைக் குரலாக உயர்ந்தது. கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "மிஸ், நான் தோட்டத்துல ரப்பர் பால் வாளி தூக்கி வளந்தவன். இந்த ஒடம்புல ஒண்ணும் கெடையாது."

மிஸ் அவரையே பார்த்தாள். பிறகு கவுண்டர் ஓரத்தில் இருந்த ரத்த அழுத்தக் கருவியைக் காட்டினாள். "அப்ப நல்லதுதான். ஒரு தடவ பாத்துருவோம். காசு இல்ல."

"வேணாம் மிஸ், நேரமாச்சி. இன்னொரு நாள் வாரேன்."

"சும்மாத்தானே பாக்குறாங்க, உக்காருங்க" என்று சித்தி அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

கருவி உறுமிக்கொண்டு கைப்பட்டையை இறுக்கியது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பிப் பார்க்கும் என் மாணவர்களிடம் அதே பார்வையைப் பிறகு பல தடவை கண்டிருக்கிறேன். எண்கள் ஏறி நின்றன. பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியிருக்க வேண்டும். மிஸ் புருவத்தை உயர்த்தினாள். சித்தி அந்த எண்களைப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரியும். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்து போனது.

"ஐயோ. ஏந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்." என் கையை இறுகப் பிடித்தார். "நீ காரை எடு. இப்பவே எடு."

"ஒண்ணும் ஆவாது, உக்காரு."

"ஒண்ணும் ஆவாதா? எங்கப்பாவும் இப்படித்தான்..." சித்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

அதைச் சித்தப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "பயப்படாதேன்னு சொல்றேன்ல! நான்தான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேனே!" என்று கத்தியே விட்டார்.

தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அதற்கப்புறம்தான் புரிந்தது. கையில் பட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாத்திரை, அங்கிள்?" என்று மிஸ் மட்டும் அமைதியாகக் கேட்டாள்.

சித்தப்பா எழுந்து வெளியே போனார். மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தூக்கி, மழைக்கோட்டுக்கு அடியில் கைவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். தொழிற்சாலையில் எல்லாரையும் பரிசோதித்தபோது அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில், மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இருக்கையைத் திறந்து விழுங்கிவிட்டுப் போயிருக்கிறார். மிஸ் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் நின்ற வண்டிக்குள் இருந்ததால் ரொட்டிபோல் சூடாக இருந்தது. "மருந்த இப்படி வேக வைக்கக் கூடாது அங்கிள்" என்று கடிந்துகொண்டாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இத எப்ப சாப்பிட ஆரம்பிச்சீங்க?"

"கோயில் திருவிழாவுக்கு முந்தி."

"இருமல் எப்ப வந்துச்சி?"

சித்தப்பா யோசித்தார். "திருவிழாவுக்கு... பிந்தி."

"அதான்லா!" என்று மிஸ் கவுண்டரைத் தட்டினாள். "நல்ல மருந்துதான். ஆனா சில பேருக்கு இது ஒத்துக்காது. வறட்டு இருமல் குடுக்கும். இந்தச் சுவத்துல இருக்கற எல்லாப் போத்தலையும் குடிச்சாலும் நிக்காது."

"அப்ப இன்னிக்கே நிறுத்திடுறேன்!" சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஐயோ, நீங்களா நிறுத்தக் கூடாது! பிரஷர் ஏறிரும். நாளைக்குக் கிளினிக்குக்குப் போயி டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. அதுவாத்தான் இருக்கணும்னு நெனைக்கிறேன், ஆனா அவங்க நெஞ்சையும் ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டும். மாத்திரைய மாத்துனாலும் இருமல் ஒடனே ஓடாது, கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் போவும். வாங்கி வச்ச போத்தலையெல்லாம் குடிக்காதீங்க."

எங்களுக்கு அவள் எதையும் விற்கவில்லை. வெறுங்கையோடு போக வெட்கப்பட்ட சித்தப்பா, தொண்டைக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சித்தி மோட்டார் சைக்கிள் பக்கமே போகவில்லை. என் காரில் ஏறிக்கொண்டார். சித்தப்பா பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். கண்ணாடியில் பார்த்தால் தலைக்கவசத்துக்குள் அவர் இருமுவது தெரிந்தது. தெருமுனையில் பாய் கடையைத் தாண்டும்போது சித்தி "நிறுத்து" என்றார். மூவரும் உட்கார்ந்தோம். கேட்காமலே பாய் சித்தப்பாவுக்கு வழக்கமான ரொட்டியையும், எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தார். சித்தி குழம்புக் கிண்ணத்தை மட்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கலங்கிய கண்ணோடு அந்த ஒரு காரியத்தைச் செய்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

சித்தியின் அப்பாவும் தோட்டத்து ஆள்தான். ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டில், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர், பிறகு எழுந்து நடக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு சித்திதான் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னொருத்தர அப்படிப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல" என்று எப்போதோ சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சை இவர் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் மாத்திரையை மழைக்கோட்டுக்கு அடியில் ஒளித்திருக்கிறார். "நீ பயந்துருவேன்னுதான் சொல்லல" என்றார் ரொட்டியைப் பிய்த்தபடி. எத்தனை மேடை ஏறிய குரல் அது. எதிர் நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கப்பாவும் தலவலி, தலவலின்னு வெளிய சொல்லாம வச்சிருந்தாரு" என்றார் சித்தி. "வுளுந்த அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா உப்பக் கொறச்சிருப்பேன், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போயிருப்பேன். ஒண்ணும் செய்ய விடாம பண்ணிட்டாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. நீங்களும் அதயேதான் செஞ்சிருக்கீங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பையிலிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைச் சித்தி பக்கம் நகர்த்தினார். சித்தி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கசக்குது" என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்றிரவே மாத்திரைப் பை மோட்டார் சைக்கிளிலிருந்து சித்தியின் தேத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது.

கிளினிக்கில் மருத்துவர் மார்பைப் பரிசோதித்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மிஸ் சொன்னபடியே இருமல் உடனே போகவில்லை. கூட்டத்தை விட்டுக் கிளம்ப மனமில்லாத விருந்தாளியைப்போல் வாசலில் நின்று நின்று குறைந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பெரும்பாலும் போய்விட்டது என்று சொல்லலாம் என்ற நிலையில் இருந்தது. மறுநாள் காலை சித்தப்பா வெந்நீர்ப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். "ஒரு தடங்கலும் இல்ல, பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

மணவறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் எனக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு பழைய ஒலிபெருக்கி இருந்தது. வெளியே நடப்பதை நான் அதில்தான் கேட்டேன். நாதஸ்வரம் நின்றது. "மேன்மை பொருந்திய..." என்று சித்தப்பாவின் குரல் பிசிறில்லாமல் எழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது வாக்கியத்தில் குரல் தடுமாறியது. ஒரு செருமல். இன்னொன்று. பிறகு அந்தப் பழைய தொடர் இருமல். யாரோ மைக்கைக் கையால் பொத்தும் சத்தம். மண்டபத்தில் சலசலப்பு. நான் எழுந்துவிட்டேன். அலங்காரம் செய்துகொண்டிருந்த அக்கா, "ஒக்காரும்மா, பூவு சரியுது" என்று பிடித்து இழுத்தார்.

ஒலிபெருக்கியில் மெல்லிய பெண் குரல் ஒன்று கேட்டது.

"வணக்கம். அவருக்கு இருமல். நான் பேசுறேன்."

சித்தி. கோயில் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் உட்காருகிற என் சித்தி. அறையில் இருந்த நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு சுவரைப் பார்த்தோம்.

"மாப்பிள்ள வாராரு. வழி விட்டு நில்லுங்க. புள்ளைங்கள ஓடாம பிடிச்சிக்குங்க." கூட்டம் சட்டென்று விலகியது என்று பிற்பாடு சொன்னார்கள். சித்தப்பா அரைப் பக்கத்தில் சொல்வதை அவர் அரை வரியில் சொன்னார். யார் பாத பூசை செய்வது, யார் தட்டை எடுப்பது, பெரியவர்களை எந்த வரிசையில் அழைப்பது என்று ஒன்றையும் விடவில்லை. அத்தனை வருடமாக எல்லா மண்டபங்களிலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. நடுவில், "வெளிய வெள்ளக் காரு ஒண்ணு சாப்பாட்டு வேனை மறிச்சிக்கிட்டு நிக்கிது. எடுத்தாதான் சோறு" என்றார். ஒரே நேரத்தில் நாலைந்து பேர் சாவியோடு ஓடினார்களாம்.

நான் மணவறைக்கு வந்தபோது சித்தப்பா மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வருத்தப்படுவாரோ என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவர் வாயைக் கைத்துண்டால் மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தார். இடையில் எழுந்து சித்தியின் காதில் எதையோ சொல்லிக்கொடுக்கப் போனார். சித்தி மைக்கைக் கையால் பொத்தி, "எனக்குத் தெரியும், நீங்க தண்ணி குடிங்க" என்றது முன்வரிசை முழுதுக்கும் கேட்டது. என் அப்பா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

இருமல் அதற்குப் பிறகு ஒரு நாள் யாரும் கவனிக்காமல் போய்விட்டது. சித்தப்பாவின் குரல் முழுதாகத் திரும்பியது. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் இப்போது, "அண்ணே, அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அழைக்கிறார்கள். வரவேற்பும் வாழ்த்தும் அவருடைய பங்கு. சாப்பாடு, வண்டி, தொலைந்த பிள்ளைகள் எல்லாம் சித்தியின் பங்கு.

என் மகளுக்குச் சளி பிடித்தால் நானும் இப்போது அப்படி ஒரு சுவரின் முன்னால் போய் நிற்கிறேன். அலமாரி அன்றைக்கு இருந்ததைவிட நீண்டுவிட்டது. நெஞ்சில் கட்டியதா, வறட்டு இருமலா, தூக்கம் வருமா என்று பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்கிறேன், புரியாததைக் கேட்கிறேன். 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்று கவுண்டரில் யாரையாவது கேட்கும்போது, அவர் பக்கத்தில் நிற்கும் மனைவியையோ மகனையோ ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

போன மாதம் செமோரில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பந்திக்கு நேரமாகியிருந்தது. சித்தி மைக்கை வாங்கினார். "சாப்பாடு தயார். இனிப்புநீர் உள்ளவங்க, பிரஷர் உள்ளவங்க, இந்த நேரத்துக்கு மாத்திரை இருந்தா மொதல்ல அதப் போட்டுக்குங்க. ஒளிச்சி வச்சித் தின்னாதீங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார். மண்டபம் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் கைப்பைகள் திறக்கிற சத்தமும் மாத்திரை அட்டைகள் உடைகிற சத்தமும் அங்கங்கே கேட்டன. மேடையில் சித்தப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து தம்முடையதை எடுத்து எல்லாருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்திக் காட்டினார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சித்தி மைக்கைப் பிடித்தபடி, அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம்" என்றார் பிறகு. "எல போடலாம்."